சோயோன் தம்பியின் கல்யாணம்

1

“கொரியாக்காரி தலையில எதுக்கு தனா பேழைக்கூடை?”

“அது வந்துங்க்கா…”

“பேரு சோயோன். ஊரு கடலோரம். புருசன் கப்பல்ல போயிருக்கறான். எல்லாஞ் செரி. கடைசில தம்பி கல்யாணத்துல கூறைச்சீலை கட்டிக்கிட்டு, தலையில கூடையோட நிக்குறா. ராசிபுரத்துல எந்த மளிகைக் கடையில இதக் குடுத்தாலும் என்னையத்தான் கை காட்டுவாங்க.”

“அத எடுத்துட்டா கதையே இல்லைங்க்கா.”

“அத வெச்சா நானே இல்ல.”

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பேக்கரி. தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருப்பவள் தனப்பிரியா. சேலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இந்தக் கதையை எழுதுகிறவளும் அவள்தான். எதிரே உட்கார்ந்து தாள்களைத் திருப்பிக்கொண்டிருப்பவள் சோயோன். அவளுடைய உண்மைப் பெயர் அது அல்ல. உண்மைப் பெயரைச் சொன்னால் அவளுடைய தம்பியின் கல்யாணத்தில் அவள் நிற்க வேண்டிய இடம் போய்விடும். இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது அந்த இடம் ஒன்றுதான்.

(எழுதுகிறவள் தன்னையே ‘தனப்பிரியா’ என்று எட்ட நிறுத்தி எழுதுவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ‘நான்’ என்று தொடங்கிய பிரதியில் எல்லா வாக்கியங்களும் அவளைப் பற்றியே போயின. அவளுக்கே சலித்துவிட்டது.)

2

இந்தக் கதை பிறந்த இடம் மல்லூர். ஒரு லாரி குறுக்கே நின்றுவிட, ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் காலைப் பேருந்து அங்கே அசையாமல் கிடந்தது. சோயோனுக்குச் சேலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இருவரும் தினமும் அதே பேருந்துதான். தனப்பிரியாவின் கையில் எப்போதும் ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். சோயோன் ஏறி உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “இன்னிக்கு எந்த நாடு?”

அன்றைக்கு கொரியா. அவ்வளவு நேரம் பேருந்து நின்றிராவிட்டால் சோயோன் அதோடு விட்டிருப்பாள். நின்றதால் சொன்னாள். தம்மம்பட்டியில் இருக்கும் கணவர் வீட்டைவிட்டு அவள் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. திரும்பிப் போவதாக இல்லை. இங்கே இது தெரிந்தவர்கள் அம்மாவும் தம்பியும் மட்டும். ஊருக்குச் சொல்லியிருப்பது, “மாப்பிள்ளை ரிக்குல போயிருக்காருங்க.”

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் இங்கிருந்து கிளம்பினால் வடக்கே மாதக்கணக்கில் சுற்றும். புருசன் ஊரில் இல்லை என்பது பாதி வீடுகளில் நடப்பதுதான். கோயிலிலும் கல்யாணத்திலும் தனியாக நிற்கும் பெண்ணை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

“இத எழுதட்டுங்களாக்கா?” என்று தனப்பிரியா கேட்டாள்.

“எழுது. பேரு ஊரு வெக்காத.”

கையில் இருந்த நாவலில் ஒரே ஒரு பக்கத்தில் வந்து, ஊசி போட்டுவிட்டுப் போய்விடும் ஒரு நர்ஸின் பெயர் சோயோன். அதைத் தனப்பிரியா எடுத்துக்கொண்டாள். பிறகு தொடங்கினாள்.

*சோயோன் கடலைப் பார்த்தபடி* (தனப்பிரியா கடலைப் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில், அதுவும் கூட்டத்தில். விட்டுவிட்டாள்.)

*பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், சோயோனின் கணவன் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் போயிருப்பதாக அவளுடைய அம்மா பக்கத்து வீட்டில்* (இது போகும் போலிருந்தது. ஆனால் பனி கொட்டும்போது பக்கத்து வீட்டுக்கு எப்படிப் போவார்கள்?)

*சோயோன் என்று ஒருத்தி இருந்தாள்.*

இதை வைத்துக்கொண்டாள்.

3

பெயர் வைத்த பிறகுதான் அந்தப் பெயரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடினாள். நிறையப் பேர் இருந்தார்கள். மறுநாள் பேருந்தில் சோயோனிடம் சொன்னாள்.

“ஒருத்தர் கோல்ஃப் ஆடறவருங்க்கா. உலகத்துலயே முதல் எடத்துல இருந்திருக்காரு. இன்னொருத்தர் கால்பந்து. இங்கிலாந்துல போயி ரொம்ப வருசம் ஆடியிருக்காரு. வாலிபால்ல ஒருத்தர்.”

“பூராவும் பந்துதானா? கண்ணாடிக் கடையில ஒருத்தியும் இல்லையா?”

“ஒருத்தர் விண்வெளிக்கே போயிருக்காருங்க்கா. தென்கொரியாவுல இருந்து மொதமொதல்ல போனது அவருதான்.”

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த சோயோன் இந்தப் பக்கம் திரும்பினாள். “பொம்பளையா?”

“ஆமாங்க்கா. திரும்பி வரும்போது எறங்க வேண்டிய எடத்துல எறங்கலை. அவங்க வந்த கலம் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து விழுந்திருக்குது.”

“அப்பறம்?”

“முதுகுல அடி. பொழைச்சுக்கிட்டாங்க.”

“இந்தப் பேரே இருக்கட்டும்,” என்றாள் சோயோன்.

அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்றும் கேட்டாள். அதை எழுதும் சீன எழுத்துகளைப் பொறுத்துப் பொருள் மாறும் என்று தனப்பிரியா படித்திருந்தாள். பெற்றவர்கள் எதை மனதில் வைத்து எழுதினார்களோ அதுதான். கல்யாணம் ஆனாலும் அங்கே பெண்கள் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை என்றும் படித்திருந்தாள். அதைச் சொன்னபோது சோயோன் தன் கைப்பையிலிருந்து கடையின் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள். பெயருக்கு முன்னால் கணவருடைய பெயரின் முதலெழுத்து இன்னும் இருந்தது.

(இந்த இடத்தில் ஒரு பெரிய பத்தி இருந்தது. பெயர்கள், பெண்கள், உலகம் என்று போயிற்று. நீக்கப்பட்டது. அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதுகிறவளுக்குத் தெரியாது. பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர அவர்களுக்கும் ராசிபுரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.)

4

இனி பேழைக்கூடை.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கூறைச்சேலை கட்டி, தலையில் சீர் வைத்த பேழைக்கூடையோடு அவனுக்குப் பக்கத்தில் நிற்பாள். ஒரு சேலையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில். வீடு மாறிப் போனாலும் இவள் இந்த வீட்டுப் பெண்தான் என்று அத்தனை சனத்துக்கு முன்னால் சொல்வது போன்றது அது. ஆனால் கணவனோடு வாழ்கிறவள்தான் நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் பார்ப்பார்கள்.

சோயோனுக்கு ஒரே தம்பி. அவனைச் செந்தமிழன் என்று வைத்துக்கொள்வோம். அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது அக்கா. கல்லூரிக்குப் பணம் கட்டப் போய் நின்றதும் அக்கா. அவனுடைய கல்யாணத்தில் அந்தக் கூடையை வேறொருத்தி தூக்குவதை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

கொரியாவில் இணைச்சீர் கிடையாது. அது தனப்பிரியாவுக்கும் தெரியும். கூடைக்குப் பதிலாகப் பூங்கொத்து கொடுத்துப் பார்த்தாள். சோயோன் பூங்கொத்தோடு நின்றாள். யார் வேண்டுமானாலும் அப்படி நிற்கலாம். தேநீர்க் கோப்பை கொடுத்துப் பார்த்தாள். அதுவும் சரிப்படவில்லை. கூடையைத் திரும்ப வைத்ததும் கதை எழுந்து உட்கார்ந்தது. ஆனால் பெயரையும் ஊரையும் கடலையும் தாண்டி, ராசிபுரம் அப்பட்டமாகத் தெரிந்தது.

கதையைக் கேட்டிருந்த சிற்றிதழின் அடுத்த இதழ் கல்யாணத்துக்கு முன்பே வருகிறது. ஊரில் அதைப் படிப்பவர்கள் நான்கு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் தமிழாசிரியர். கல்யாணப் பெண்ணின் அப்பா அவர்தான்.

(அவள் ஏன் வந்துவிட்டாள் என்று இன்னும் சொல்லவில்லை. தனப்பிரியா கேட்டாள். “அடிக்கலை. குடிக்கலை. அந்த ஊட்ல எனக்குப் பேசறதுக்கு ஒருத்தர் இல்ல. நாலு வருசம் பேசாம இருந்து பாத்தேன்,” என்றாள் சோயோன். கதைக்கு இது போதாது என்று தனப்பிரியா கணவனை ஒரு பிரதியில் அடிக்கவைத்தாள். படித்துவிட்டு சோயோன் சொன்னது: “அவரு பாவம் தனா. அத எடுத்துரு.” எடுத்தாயிற்று. உங்களுக்கும் போதவில்லை என்றால் அதற்கு மேல் காரணம் இல்லை.)

5

பேக்கரிப் பேச்சு முடிவில்லாமல் நின்ற அந்த வார ஞாயிற்றுக்கிழமை, கல்யாணப் பத்திரிகை மாதிரியை எடுத்துக்கொண்டு சோயோனின் வீட்டுக்குக் காளியண்ணன் பெரியப்பா வந்தார். அவளுடைய அப்பாவின் அண்ணன். கல்யாணத்தை முன்னின்று நடத்துகிறவர். மூன்று ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரர்.

(அந்த வண்டிகளில் ஒன்றுக்கு மேனேஜர் தனப்பிரியாவின் அப்பா. இதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். எழுதுகிறவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.)

சோயோன் மோர் கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பா குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை எப்ப வாராரு?”

அம்மா ராசம்மாள் முந்திக்கொண்டாள். “சீசன்ல வுடமாட்டீங்கறாங்களாமாங்க மாமா.”

“வண்டி எங்க ஓடுது?”

“சத்தீஸ்கருங்க.”

“அட, சத்தீஸ்கர்ல ஓடறது பூராவும் நம்ம ஆளுங்க வண்டிதான!” பெரியப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “ஓனர் பேரச் சொல்லு சாமி. நா ஒரு போன் போட்டா லீவும் குடுப்பான், ரயிலும் ஏத்திவுடுவான். மச்சினன் கல்யாணத்துக்கு வராம அப்படியென்ன குழி தோண்டறது? நீ கூடையோட நிக்கையில உம் புருசன் கீழ உக்காந்து பாக்க வேண்டாமா?”

அவர் குரலில் சந்தேகமே இல்லை. இருந்திருந்தால் சோயோன் சமாளித்திருப்பாள். அத்தனையும் பிரியம். ரிக் முதலாளி வீட்டில் ரிக்கை வைத்தே பொய் சொல்லியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊர் முழுக்க வாயை அடைத்த பொய், அதை ஒரு போனில் சரிபார்க்கக்கூடிய ஒரே மனிதர் முன்னால் வந்து நின்றது.

“பேரு எங்கியோ எழுதி வெச்சிருக்கறமுங்க. பாத்துச் சொல்றமுங்க,” என்றாள் அம்மா.

“செரி, மறந்துறாதீங்க.” பெரியப்பா சோயோனின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அம்மா அடுப்படியில், முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

“அன்னிக்கு ஊட்டுக்குத் தூரம்னு சொல்லீரலாம்.”

“யாரு?”

“நீதான். மண்டபத்துக்கே வராத. கூடைய உஞ் சித்தப்பன் மக தூக்கட்டும். நீ இல்லைன்னா மாப்பிள்ளைய யாரு கேக்கப் போறாங்க?”

“தம்பி கல்யாணத்துக்கு நா வரவே வேண்டாமா?”

“நா என்ன ஆசைப்பட்டா சொல்றேன்?”

செந்தமிழன் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “அக்காதான் நிக்கோணும்,” என்றான்.

“அதப் பெரியப்பாகிட்டச் சொல்றயா?” என்றாள் அம்மா.

அவன் போனைப் பார்த்துக்கொண்டே வெளியே போனான். செருப்பைத் தேடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

6

நடந்ததைச் சோயோன் அன்றிரவே போனில் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை பேருந்தில் தனப்பிரியாவிடம் மூன்று முடிவுகள் இருந்தன. உங்களுக்கும் அவற்றைத் தருகிறேன் என்று எழுதிவிட்டு, ‘தருகிறேன்’ என்பதை அடித்துவிட்டு, தருகிறாள்.

அ. புயலில் கப்பலோடு தொடர்பு அறுந்துபோகிறது. கணவனைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. சோயோன் கூடையைத் தூக்குகிறாள்.

“மனுசன் தம்மம்பட்டில மண்டிக்கடையில சும்மா உக்காந்திருக்காரு. அவரப் போயி எதுக்குக் கடல்ல முக்கற?” என்றாள் சோயோன்.

ஆ. சித்தப்பா மகள் கூடையைத் தூக்குகிறாள். சோயோன் வீட்டில் தனியாக இருக்கிறாள். தூரத்தில் மேளம் கேட்கிறது.

“இது எங்கம்மா எழுதுன முடிவு.”

இ. மண்டபத்தில் எல்லோர் முன்னும் சோயோன் உண்மையைச் சொல்கிறாள். பெரியப்பா கண் கலங்கி, “நீதான் சாமி நிக்கோணும்” என்கிறார்.

சோயோன் சிரித்துவிட்டாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். “எங்க பெரியப்பாவ நீ பாத்ததே இல்லையா? அவரு அழுவாரு, ஆமா. அழுதுகிட்டே ‘நீ நிக்க வேண்டாம் சாமி’ம்பாரு.”

தனப்பிரியா தாள்களை மடித்தாள். நான்காவது முடிவு ஏதாவது இருக்குமா என்று ஆண்டகளூர்கேட் தாண்டும்வரை யோசித்தாள். யோசிக்கும்போது அவளுக்குள் வந்துகொண்டிருந்ததெல்லாம் அவளுடைய அப்பாவின் முகம். மகளுக்கு இது முதலிலேயே தெரியும், கதையாகக்கூட எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் காளியண்ணன் அவரிடம் எப்படிப் பேசுவார் என்பது.

“இன்னிக்குச் சாயங்காலம் பெரியப்பா ஊட்டுக்குப் போறேன்,” என்றாள் சோயோன்.

“எதுக்குங்க்கா?”

“ஓனர் பேரு கேட்டாரில்ல. ஓனரும் இல்ல, ரிக்கும் இல்லைன்னு சொல்றதுக்கு.”

“அவரு நிக்க வேண்டாம்னு சொல்லிட்டா?”

“நிக்கலை. வந்தவங்களோட வந்தவளாக் கீழ உக்காந்து பாத்துட்டு வாரேன். ஊட்டுக்குத் தூரம்னு படுத்துக்க என்னால முடியாது. நிக்கச் சொன்னாருன்னா, தெரிஞ்சே சொன்னதா இருக்கும்,” என்றாள்.

“அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“சொன்னா அழுதே நிறுத்திரும். தம்பியக் கூப்பிட்டா அவனும் வருவான், வாசல்லயே நின்னுக்குவான்.”

பேருந்து மல்லூரில் நின்றது. ஒரு கூட்டம் இறங்கி, அதே அளவு கூட்டம் ஏறியது. யாருடைய பையோ தனப்பிரியாவின் மடியில் வந்து உட்கார்ந்தது. அவள் அந்தப் பைக்கு மேலே தாள்களை வைத்து, ‘இன்னிக்குச் சாயங்காலம் பெரியப்பா ஊட்டுக்குப் போறேன்’ என்பதை மறப்பதற்குள் ஓரத்தில் எழுதினாள்.

சோயோன் அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு பேனாவை மெல்ல வாங்கி மூடினாள்.

“அவரு மொகத்தப் பாத்தா எனக்கு வார்த்தை வராது தனா. பக்கத்துல ஒருத்தர் இருந்தாச் சொல்லிருவேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா உக்காந்திருந்தாப் போதும். எங்கூட வாரியா?”