கூறைச்சேலை பிடித்த கை

"ஏனுங்க, அது யாரு கைன்னு மட்டும் சொல்லிப்போட்டு, அப்பறமா மௌனத்தப் பத்திப் பேசுங்க."

கீதா இதைக் கேட்பது மூன்றாவது தடவை. மைக்கை அவளிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மேடையில் உட்கார்ந்திருந்த போட்டோகிராபர் கிருபாசங்கர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

முதல் வரிசையில் இருந்த பொங்கியண்ணன் திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டார். "அந்தப் பொண்ண உக்காரச் சொல்லுங்க. கேக்கறதுக்கு ஒரு தராதரம் வேணும்." கீதா அவருடைய செத்துப்போன தம்பியின் மகள். அவள் வேறு சாதிக்கார அருள்குமாரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவருக்கு 'அந்தப் பொண்ணு' ஆகிவிட்டாள்.

இடம், அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பழைய மில் கிடங்கு. வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, ஏசி வைத்துக் கேலரி ஆக்கியிருந்தார்கள். பஞ்சு மூட்டை அடுக்கிய இடத்தில் படம் மாட்டினால் கலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'கலைஞருடன் ஓர் உரையாடல்' என்று அழைப்பு வந்ததால் கணபதிப் பகுதியில் எங்கள் வீதியிலிருந்தே பத்துப் பேர் போயிருந்தோம். கிருபாசங்கர் எங்கள் வீதிக் கல்யாணங்களைப் படம் எடுக்கிறவன், அதனால் அவனைக் கலைஞன் என்று சொல்லிக் கேட்க எல்லோருக்கும் ஓர் ஆசை. ஃபில்டர் காபியும் உண்டு என்று போட்டிருந்தது.

சண்டைக்குக் காரணமான படம் மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. கறுப்பு வெள்ளை. மடித்த சேலையின் முனையைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் கை, பக்கத்தில் மாப்பிள்ளையின் முழங்கை. அவ்வளவுதான். கீழே 'பெயரற்ற கை' என்று எழுதியிருந்தது.

அந்தக் கல்யாணம் கீதாவின் தம்பி நிதீஷுடையது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளை கக்கத்தில், மறு முனை உடன்பிறந்தவள் கையில். கல்யாணமாகிப் பெண்டாட்டி வந்தாலும் கூடப் பிறந்தவளின் உரிமை விட்டுப்போகாது என்று ஊரறியச் சொல்வது அது. எவள் உட்கார்ந்தாளோ அவளுக்குத்தான் அந்த வீட்டு வாசல் திறந்திருக்கும். அக்கா உட்கார்ந்தால்தான் மணவறைக்கு வருவேன் என்று நிதீஷ் அன்றைக்கு ஆச்சரியமாக வாயைத் திறந்தான். பொங்கியண்ணனும் அதைவிட ஆச்சரியமாகச் சரி என்றார்.

சீர் நடந்தது விடிகாலையில், பெரியப்பா வீட்டு ஆட்கள் நாலு பேர் முன்னால். நாங்கள் எல்லாம் டிபனுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அதற்குள் கீதா கிளம்பிப் போயிருந்தாள். இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வாரத்திலேயே வீதியில் ஒரு பேச்சுப் பரவியது: உட்கார்ந்தது பொங்கியண்ணன் மகள் கனிஷ்கா. ஆல்பம் வந்ததும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். சீர்ப் பக்கத்தில் முகமே இல்லை, கைதான். கனிஷ்காவின் அம்மா அந்தக் கையைக் காட்டி, வளையல் தன் வீட்டு வளையல் என்றே சொல்லிவிட்டாள். நிதீஷும் மறுக்கவில்லை, அவன் அம்மாவும் மறுக்கவில்லை. அவன் வேலை பார்ப்பது பெரியப்பாவின் மோட்டார் பம்பு பட்டறையில்.

இப்போது கீதாவின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இணைச்சீரே செய்யாதவளுக்கு மாமன் சீர் ஒரு கேடா என்று பொங்கியண்ணன் நிதீஷைத் தடுத்துவிட்டார். ஆக, அந்தக் கை யாருடையது என்பதில்தான் குழந்தைக்கு மாமன் உண்டா இல்லையா என்பது நின்றது.

மேடையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள் ரம்ஷா. உக்கடத்துப் பெண், பரோடாவில் கலை படித்தவள், கண்காட்சியைத் தொகுத்தவள். எந்தப் படம் எந்தச் சுவரில், அதன் கீழே என்ன எழுத்து என்பதெல்லாம் அவள் முடிவு. கீதா எழுந்திருப்பதற்கு முன் அரைமணி நேரம் அவள் கேட்கக் கேட்க, கிருபாசங்கர் முகம் என்பது வெறும் தகவல், கை என்பது மௌனம், கேமராவுக்கு மறுக்கத் தெரிய வேண்டும் என்றெல்லாம் அளந்துகொண்டிருந்தான். எங்கள் வீட்டு வளைகாப்பில் 'கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம்' என்பதைத் தவிர அவன் வேறொன்றும் பேசி நான் கேட்டதில்லை.

கீதா மூன்றாவது தடவை கேட்டதற்கு, கலையில் யாரென்பது முக்கியமில்லை என்று இழுத்தான். ரம்ஷா கையிலிருந்த தாளை மடித்து வைத்தாள்.

"முக்கியமில்லைன்னா சொல்லிடலாமேங்க," என்றாள். "இதுக்கு முன்னப் பின்ன எடுத்த ஃப்ரேம்ல முகம் விழுந்திருக்குமே. படம் பொறுக்கின அன்னைக்கே நான் கேட்டேன், இல்லைன்னுட்டீங்க. ஏன் இல்லை?"

பொங்கியண்ணன் எழுந்துகொண்டார். அது தன் மகள் கை, வீட்டு விஷயத்தை வெளியாள் கிளற வேண்டாம் என்றார். கிருபாசங்கர் அவரைப் பார்த்தான், பின்னால் தொங்கிய படத்தைப் பார்த்தான். பத்திரிகைக்காரன் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"பெரியவரு சொன்னாருங்க," என்றான், மௌனத்தைப் பற்றிப் பேசிய அதே குரலில். "சீர்ல உக்காரட்டும், ஆனா அவ மூஞ்சி ஒண்ணுல கூட வரப்படாதுன்னு. அதனால கழுத்துக்குக் கீழயே எடுத்துப்போட்டேன். வேற ஃப்ரேம் ஒண்ணும் இல்லைங்க."

காலேஜ் பிள்ளைகள் சிலர் இதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பொங்கியண்ணன் சளைக்கவில்லை. "யாரு மூஞ்சின்னு நான் சொன்னனா? இவனுக்கு என்ன தெரியும்? கேட்டுப் பாருங்க மாப்பிள்ளைய, இங்கதான இருக்கறான்."

இது அவர் செய்த பிசகு. பட்டறையில் கேட்டிருந்தால் நிதீஷ் தலையாட்டியிருப்பான். இங்கே அவன் பக்கத்தில் புதுப் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு எந்தச் சங்கதியும் முழுதாகச் சொல்லப்பட்டதில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

"எங்கக்கா கைதானுங்க பெரியப்பா," என்றான். "நான் பக்கத்துல தான இருந்தேன்."

கீதா உட்கார்ந்துகொண்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்து நாங்கள் திரும்பினோம். அவள் செருப்பைத் தேடிக் கால் நுழைத்துக்கொண்டிருந்தாள். பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். காபி கொடுத்தார்கள். சிக்கரி அதிகம்.

மறுநாள் ரம்ஷா படத்தின் கீழே இருந்த எழுத்தை எடுத்துவிட்டு 'கீதா, நிதீஷின் அக்கா' என்று ஒட்டிவிட்டாளாம். கிருபாசங்கருக்கு அது பிடிக்கவில்லை. படத்தின் மர்மம் போய்விட்டது என்று எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டான்.

காதுகுத்து அருள்குமாரின் குலதெய்வக் கோவிலில் நடந்தது. குழந்தை நிதீஷ் மடியில் உட்கார்ந்து அவன் சட்டையைக் கிழிக்காத குறையாக அழுதது. பட்டறைக்கு இனி வர வேண்டாம் என்று பொங்கியண்ணன் சொல்லி அனுப்பினார், அவனும் போகவில்லை. தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாமனார் ஊரான அன்னூருக்கே குடி போய்விட்டான். அங்கே சொந்தமாக மோட்டார் ரிப்பேர் கடை போட்டிருக்கிறான், சுமாராக ஓடுகிறதாம். கனிஷ்காவைப் பெருந்துறையில் கட்டிக் கொடுத்தார்கள், பத்திரிகை கீதாவுக்குப் போகவில்லை. ரம்ஷா கொச்சிக்குப் போய்விட்டாள். கிருபாசங்கர் திருப்பூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இப்போது ரியல் எஸ்டேட்காரர்களுக்கு வெறும் மனையிடங்களைப் படம் எடுக்கிறான். எங்கள் எதிர்ப்பக்கம் நிதீஷ் காலி செய்த வீட்டுக்கு ஐடி கம்பெனிக்காரர்கள் நாலு பேர் வந்திருக்கிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பது இன்னும் பிடிபடவில்லை.