அரை இழுப்பு

முதல் குண்டு பசுவைக் கொல்லவில்லை. தாடையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

முன்கால்கள் முறிந்து வாய்க்காலுக்குள் கிடந்த பசுவுக்கு இப்போது கத்தவும் முடியவில்லை. யோகேஸ்வரன் அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்காகத் துவக்கின் அடியிலிருந்த லீவரைக் கீழே இழுத்தான். பாதியில் இறுகிவிட்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.

துவக்கு மிசிஸ் டாய்லுடையது. கிரான்பர்ன் என்ற ஊரில் அவருடைய பால்பண்ணை ஓரத்து வீட்டில்தான் அவனும் விமலாதேவியும் வாடகைக்கு இருந்தார்கள். மாட்டு வைத்தியர் பொழுதுபட்டுத்தான் வருவார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். மிசிஸ் டாய்லின் விரல்கள் வாதத்தில் மடங்கிப்போனவை. துவக்கை அவனிடம் நீட்டி, எந்த இடத்தில் சுடவேண்டும் என்று தன் நெற்றியிலேயே தொட்டுக் காட்டினார். அவன் ஒரு கோழிகூட அறுத்ததில்லை. இந்தப் பசுவின் பாலில்தான் வீட்டில் காலைத் தேநீர்.

"இஞ்சருங்கோ," என்றாள் விமலாதேவி. "அது உங்களைப் பாக்குது."

"நீர் அங்கால திரும்பும்."

குழலை மண் பக்கம் தாழ்த்தி, மேல் திறப்பால் உள்ளே பார்த்தான். தோட்டாவைக் குழலுக்குத் தூக்கிக் கொடுக்கும் ஏற்றுதட்டில் ஒரு தோட்டா கிடந்தது. குழலுக்கு அடியிலிருந்த தோட்டாக் குழாயிலிருந்து அதன் பின்னாலேயே அடுத்ததும் பாதி நுழைந்து, தட்டை எழும்பவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது.

அவன் வேலைசெய்யும் ஆலையில் டின் அடைக்கும் இயந்திரமும் இப்படித்தான் இறுகும். பிடியை முழுக்க இழுக்காமல் பாதியில் விட்டால் இரண்டு டின்கள் சேர்ந்து விழும். அப்படி விட்டவனை அவன் சும்மா விடமாட்டான். மெசினுக்கு அரைமனசு விளங்காது என்பான்.

மனைவியின் கொண்டை ஊசியை வாங்கி நெம்பினான். அது வளைந்தது. வேலிக்கு ஓடி, தொங்கிக்கொண்டிருந்த கம்பித் துண்டொன்றை முறுக்கி முறுக்கி உடைத்தான். உள்ளங்கை கிழிந்தது. தோட்டாவின் அடியில், நடுவில் பட்டால் வெடிக்கும். விளிம்பில் வைத்துத் தள்ளவேண்டும். இரத்தத்தில் கம்பி வழுக்கியது. பசு மூச்சை இழுத்தது. அது விடும்வரை காத்திருந்தான். மறுபடி இழுத்தது.

"கெதியாச் செய்யுங்கோவன்," என்றாள் விமலாதேவி. அவள் திரும்பியிருக்கவில்லை.

விளிம்பு அகப்பட்டது. தள்ளினான். தோட்டா குழாய்க்குள் பின்வாங்கியது. லீவரை முட்டும்வரை இழுத்து, அடித்து மூடினான். வாய்க்காலுக்குள் இறங்கி, மிசிஸ் டாய்ல் காட்டிய இடத்தில் குழலை வைத்தான்.

அதன்பின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

மிசிஸ் டாய்ல் அவன் தோளைத் தொட்டு நன்றி சொன்னார். விமலாதேவி கிட்ட வரவில்லை.

"வெளிக் குழாயில தலை முழுகிட்டு உள்ளுக்கு வாங்கோ," என்றாள். "நானும் முழுகவேணும்."

அவன் கரையில் உட்கார்ந்து மிச்சத் தோட்டாக்களை வெளியே தள்ளினான். ஒவ்வொரு தடவையும் லீவரை முழுக்க இழுத்தான். ஒரு தடவைகூட இறுகவில்லை.