பதினாறாயிரம் துளிகள்

அத்தனை துளி விழுந்தால்தான் என் தகட்டில் மின்சுமை முழுதாகச் சேரும். தண்ணீர் ஒட்டாத பூச்சு பூசிய தகடு அது. துளி விழும், விரியும், உருண்டு ஓடிவிடும். சுமை ஏற ஏற, துளிக்குத் துளி சிமிட்டும் சிறு விளக்குகள் கூடிக்கொண்டே போகும். மொத்தம் நாற்பது.

பத்து மணிக்கு நிபுணர் குழு வருகிறது. விளக்கு எரிந்தால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் நான் மூட்டை கட்ட வேண்டும். அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். "என் பொண்ணு தண்ணியில கரண்ட் எடுக்குறா" என்று அவர் பெருமையடித்துக்கொண்டதற்குப் பக்கத்து வீட்டு அத்தை, "அப்போ எங்க கூரைக்கு ஒரு வயர் போடச் சொல்லுங்க, வருஷம் பூரா ஒழுகுது" என்றாள்.

ஏழு மணியிலிருந்து சொட்டவிட்டேன். நாற்பதும் எரிந்தன. ஒன்பதே முக்காலுக்கு முகம் கழுவிவிட்டு வந்தால், ஆய்வகச் சீனியர் அண்ணன் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியவங்க வர்றாங்கல்ல, பாப்பா. பளிச்னு இருக்கட்டும்னு..."

"அண்ணா, சேர்த்த சுமை மொத்தமும் போச்சு! தகட்டையா துடைச்சீங்க, என் தலையெழுத்தையில்ல துடைச்சீங்க!"

"துணி சுத்தமானதுதாம்மா."

என் ஆய்வு வழிகாட்டி சார் இழுப்பறையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தார். "மேசைக்கு அடியில மாட்டிடு. பத்து நிமிஷம்தான். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் சார்."

"உனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி."

"கொழுப்பு வேற எங்கயும் இல்ல சார், அங்கயாவது இருக்கட்டும்."

குழுவில் மூன்று பேர். துளிகள் விழுந்தன, ஒரு விளக்கும் எரியவில்லை. சார் தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன்.

"காலையில எரிஞ்சது. சுத்தம் பண்றேன்னு சுமையைத் துடைச்சுட்டோம். நொடிக்கு நாலு துளி. மறுபடி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். இருக்க முடியாதுன்னா இப்பவே எழுதிட்டுப் போயிடுங்க."

இருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியேறினர். குழுவின் தலைவியம்மா மட்டும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீ கிடைக்குமா?" அண்ணன் பாய்ந்தோடினார்.

இருபதாவது நிமிடம் முதல் விளக்கு சிமிட்டியது. ஐம்பதாவது நிமிடம் கீழே கார் ஹாரன் அடித்தது. தலைவியம்மா எழுந்தார்.

"அறிக்கையில நாற்பதுன்னு இருக்கே?"

"இப்ப எரியுறது இருபத்தேழு மேடம். அதையே எழுதுங்க."

எழுதினார். "ஆறு மாசம் தர்றேன். துணியை மட்டும் பூட்டி வைங்க."

"நம்ம பொண்ணு மேடம், நேர்மைன்னா நேர்மை" என்றார் சார்.

நான் குழாயை மூடவில்லை. இருபத்தெட்டாவது எரியத் தொடங்கியிருந்தது.