தேநீர் ஏறிய கிண்ணம்

பிற்பகல் வெயில் மேற்குச் சாளரங்களின் வழியே சாய்ந்து நுழைந்து, சீனத்துச் சாடிகளின் தோள்களைத் தடவி, சப்பானியத் திரைச்சீலையில் தீட்டிய நாரைகளின் சிறகுகளில் பொன் பூசி, கண்ணாடிப் பேழைகளின் விளிம்புகளில் தயங்கி நின்ற நேரம். அன்பர்களே, அழகெல்லாம் அடங்கியிருந்த அக்கலைக்கூடத்தில் ஒருத்தியின் வயிறு மட்டும் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

கூடத்தை நிறுவியவரின் மனைவி அவள். ஆண்டுக்கொருமுறை பொருள்களைப் பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பணியை இவ்வாண்டு தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள், கொரிய நாட்டுக் கிண்ணம் ஒன்றைக் கையிலெடுத்ததும் திடுக்கிட்டாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தில், அதன் வெண்ணிற மெருகில் ஓடிய மயிரிழை வெடிப்புகள் தெரிந்தும் தெரியாமலும் இருந்தன. இப்போதோ அவை பழுப்பேறிக் கிண்ணமெங்கும் வலையாய் விரிந்திருந்தன. நாள்தோறும் தேநீர் ஊற்றிக் குடித்தாலன்றி அந்நிறம் ஏறாது என்பதை அவளுக்குச் சொல்லித் தந்தவரே கணவர்தான். அவரோ, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, வீட்டில் அவள் நீட்டும் தேநீரைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

பொறாமை கொண்ட நெஞ்சுக்கு ஓவியம் தீட்டச் சொல்லித்தர வேண்டுமா? கூடத்தின் காப்பாளராய் இருந்த பெண்ணின் மெல்லிய விரல்களும், அளந்து பேசும் பேச்சும், கணவர் அவளைப் புகழ்ந்த சொற்களும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து வரிசையில் நின்றன. காப்பாளரை அழைத்தாள்; இதுவரை காத்த மதிப்பெல்லாம் காற்றில் பறந்தது.

“இதுல யாரு டீ குடிக்கிறது?”

காப்பாளரின் முகம் வெளுத்தது. “ஐயாதாம்மா. தினமும் நாலு மணிக்கு.”

“கூட யாரு? நீயா?”

“ஐயோ, இல்லம்மா! வெந்நீர் வச்சுக் கொடுக்கிறதோட என் வேலை முடிஞ்சுது. கதவைச் சாத்திக்கிட்டு அவரு மட்டும் உக்காந்திருப்பாரு.”

“என்கிட்ட மறைக்காதே. உள்ள யாரு வருவா?”

“யாரையும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா.” அவள் தலை கவிழ்ந்தது. “நீங்க வந்தாலும், வெளிய போயிட்டாருன்னு சொல்லச் சொன்னாரு. நானே நாலஞ்சு தடவை அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கேன். மன்னிச்சிடுங்க.”

மனைவி மனத்துக்குள் கோத்துவைத்திருந்த வசைகளை ஏற்க அங்கே ஆளில்லை. நான்கு மணி ஆகவிருந்தது. முன்வாயிலில் கணவரின் காலடி ஓசை கேட்டது. கிண்ணத்தைப் பேழையில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“நான் இன்னிக்கு வந்தேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்று கூறிப் பின்வாயில் வழியே இறங்கினாள்.

மாற்றாள் ஒருத்தி இருந்திருந்தால் அவளோடு மல்லுக்கு நிற்கலாம், ஊரைக் கூட்டலாம், ஒருநாள் வெல்லவும் செய்யலாம். மனைவி இல்லாத ஒரு மணி நேரத்துக்காகக் கணவர் ஒருவர் நாளெல்லாம் காத்திருந்தால் அதை எவரிடம் சென்று முறையிடுவது? வெயில் சாய்ந்த தெருவில் நடந்த அப்பேதை, வேறொருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று வாழ்வில் முதன்முறையாக ஏங்கினாள்.