தடித்த அச்சு

மகன் மனோகரின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த தசரதன், அவனுடைய கூட்டாளி ஸ்ரீநிவாஸ் கொட்டகைக்குள் நுழைவதைப் பார்த்தார். குடத்தை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

உள்ளே அலுமினிய ரெக்கை இரண்டு துண்டாகக் கிடந்தது. மனோகர் வருஷக்கணக்காகத் தானே செய்த மோட்டார் கிளைடர். முதல் தடவை அவனோடு எழும்பி, திடலோரத்துப் புளியமரத்தைத் தாண்டாமல் மோதி விழுந்திருந்தது. ஸ்ரீநிவாஸ் ஒரு மர அச்சைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான். அதன்மேல் தகட்டைத் தட்டி வளைத்துத்தான் ரெக்கைக்குள் இருக்கும் விலாக்களைச் செய்வார்கள்.

"டேய், இன்னாத்த ஒளிக்கிற?"

"ஒண்ணுமில்லப்பா. இது வேணாம்னு போட்ட அச்சு."

"அப்ப ரெக்க எதுல செஞ்சது?"

ஸ்ரீநிவாஸ் சுவரில் மாட்டியிருந்த மெல்லிய அச்சைக் காட்டினான். "அதுல. நான்தான் அத வெக்கச் சொன்னேன். தப்பு என்னுதுதாம்பா."

கேட்டவுடன் ஒத்துக்கொள்கிறவனைத் தசரதன் நம்பியதில்லை. சுரங்கத்தில் முட்டுமரம் வைத்த காலத்தில், பத்திரம் என்று மேஸ்திரி சொன்னாலும் தலைக்குமேல் பாறையைத் தானே தட்டிப் பார்க்காமல் நின்றவரல்ல. துண்டிலிருந்த அச்சைப் பிடுங்கினார். தடிமனாக இருந்தது. ரெக்கை பிளந்த இடத்தில் தெரிந்த விலாமேல் வைத்து அழுத்தினார். நகம் நுழைய இடமில்லாமல் பொருந்தியது.

"எதுக்குடா பொய் சொல்ற? யாரக் காப்பாத்துற?"

அவன் வாசலைப் பார்த்தான். மருமகள் அமலா அங்கே நின்றிருந்தாள்.

"சொல்லாத அமலா," என்றான்.

"சொல்லாம? காலையிலேர்ந்து ஊர் முழுக்க உங்களக் கொலகாரன்னு திட்டுதே." அவள் மாமனாரிடம் திரும்பினாள். "தடி ரெக்கைக்கு இந்த மோட்டாரு பத்தாது, மரத்தத் தாண்டாதுன்னு இந்த அண்ணன் தலபாடா அடிச்சிக்கினாரு மாமா. உங்க புள்ள ரெண்டு அச்சையும் உங்ககிட்டதான் கொண்டாந்து காமிச்சாரு."

"எங்கிட்டயா?"

"சோறு துன்னுக்கினு இருந்தீங்க. மெல்லிசா இருந்தா ஒடிஞ்சிப்பூடும்டா, தடியா வையின்னீங்க. அதுக்கப்புறம் அவரு யார் பேச்சையும் கேக்கல."

"பொய்யி."

தசரதன் மருமகள் முகத்தையே பார்த்தார். பிறகு ஸ்ரீநிவாஸ் முகத்தை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே தண்ணீருக்குக் கூப்பிட்டார்கள்.

குளிப்பாட்டி, மாலை போட்டு, பாடை கட்டி முடித்தார்கள். தூக்க ஆட்கள் வந்தபோது, முன்பக்கம் நின்ற தம்பி ராஜப்பாவைத் தசரதன் நகரச் சொன்னார்.

"ஸ்ரீநிவாஸ். இங்க வா."

"அண்ணே, அவனப் போயா?" என்றான் ராஜப்பா.

"நவுருடா."

முன்பக்கம் ஒரு தோள் ஸ்ரீநிவாஸுடையது, மறு தோள் தசரதனுடையது. அவன் நெட்டையன், பாடை கிழவர் பக்கம் சாய்ந்தது. அவர் தெருமுனை வரைக்கும் குதிகாலை எக்கி எக்கியே நடந்தார்.