பச்சைப் புள்ளி

"இதுவா, இதுவா? எது தெளிவா இருக்கு?"

"ரெண்டும் ஒன்னு போலத்தான் இருக்கும்மா. வயசானவனைப் பிடிச்சு இப்படிப் பரீட்சை வைக்கிறியே."

"தப்பாச் சொன்னாலும் ஃபெயில் ஆக்க மாட்டேன் ஐயா. தைரியமாச் சொல்லுங்க."

"அப்போ முதல்ல காட்டினது. அதுலதான் என் மனைவி பேரு நல்லாத் தெரிஞ்சுது."

கண்ணாடிக் கடையின் பின்னறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் ஒளிர்ந்தது. அதில் யார் பெயரும் இல்லை. மேலே பெரிதாகவும் கீழே பொடிப்பொடியாகவும் உதிரி எழுத்துகள்தான். கிழவர் குறும்புக்காரர் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே அவள் அடுத்த லென்ஸை எடுத்தாள்.

"பலகையில இல்லம்மா. நீ கம்ப்யூட்டர்ல குடும்ப மரம் போட்டிருக்கியே, அதுல. உன் போட்டோவும் கடைப் பேரும் அங்கதான் பார்த்தேன். நான் உனக்குச் சித்தப்பா."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் முன்னோர்களின் பிறப்பையும் இறப்பையும் தேடி எழுதுவதுதான் அவள் பிழைப்பு போல ஆகியிருந்தது. கல்லறைக் கற்களில் பாசியைச் சுரண்டுவாள், ஆஸ்பத்திரிப் பழைய பதிவுகளுக்காகக் கெஞ்சிக் கூத்தாடுவாள். செத்தவர்களைத் தோண்டுகிறவள் என்று வீட்டில் அவளுக்குத் 'தோண்டி' என்றே பெயர். தெரியாத உறவுக்காரர் யாராவது வந்து விடுபட்ட இடங்களை நிரப்ப மாட்டார்களா என்றுதான் மரத்தை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தாள். இப்போது ஒருவர் சொந்தக் காலால் நடந்தே வந்துவிட்டார். அதுவும் அவள் பிறப்பதற்கு முன்பே ஆற்றில் மூழ்கிப் போனதாக வீட்டில் சொல்லும் சித்தியின் கணவர்!

"அவ செத்த தேதியை எடுத்துட்டியே, ஏம்மா?"

"அது என் சட்டம் சித்தப்பா," என்றாள் தோண்டி, பெருமை பிடிபடாமல். "கல்லறை இருக்கணும், இல்லாட்டிப் பதிவு இருக்கணும். அதுவும் இல்லையா, உடம்பைக் கண்ணால பார்த்த ஒருத்தராவது சொல்லணும். சும்மா பேச்சை நம்பி நான் யாரையும் சாகடிக்க மாட்டேன். சித்தியோட செருப்பும் கைப்பையும் ஆத்தங்கரையில கிடந்துச்சுன்னுதான் அம்மா சொல்றாங்க. அது போதாதே."

"அதனால பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி வந்திருக்கு."

"அது தானா வர்றது. இறந்த தேதி இல்லேன்னா, ஆள் உயிரோட இருக்கிறதா அந்தத் தளம் எடுத்துக்கும்."

"நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்," என்றார் அவர்.

அவள் சிறு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணுக்கு அருகே குனிந்தாள். மூச்சில் கிராம்பு வாசம் அடித்தது. அவர் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. அவள் கழுத்துப் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டை நல்லா இருக்கே. யாரு தச்சது?"

"எங்க தையல்காரம்மா. நேர்ல பார்த்ததே இல்லை, ஆனா யூனிஃபார்ம் காலத்துல இருந்து அவங்கதான். அம்மா ஃபோன்ல அளவு சொல்லுவாங்க, பார்சல் வந்துடும். ஒரு நூல்கூடப் பிசகாது."

"காலர் முனையில குட்டியா ஒரு முக்கோணம். மெனக்கெட்டுத் தச்சிருக்கா. எந்த ஊரு?"

அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

சொன்ன பிறகுதான் கவனித்தாள். டார்ச் நேராகக் கண்மணியில் விழுந்தும் அவர் இமைக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"நான் மறுகல்யாணம் பண்ணிக்கலை," என்றார், எழுந்து சட்டையை நீவிவிட்டபடி. "செத்தவளா இருந்தா மன்னிச்சு விட்டுடலாம். வியாழக்கிழமை சாயங்காலம் வர்றேன். நல்லாத் தெரியற மாதிரிப் பண்ணிக் குடு. அலைய வேண்டியிருக்கு."

வீட்டில் அம்மா துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தோண்டி நடந்ததைப் பாதி சொல்வதற்குள் தீயும் வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டி தலையணை உறை மேல் அப்படியே நின்றிருந்தது.

"ஊரைச் சொன்னியா? வாயைத் திறந்து சொல்லிட்டியா?"

"தையல்காரம்மா ஊரைத்தானே கேட்டார்?"

"அடிப் பாவி, தையல்காரம்மாதான்டி உன் சித்தி! காலர் முக்கோணம் அவ கை அடையாளம்!"

அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்த ஆள் அவ விரலைக் கதவிடுக்குல வெச்சு மூடினான். தைக்கிற கைன்னு தெரிஞ்சேதான் மூடினான். அடுத்த தடவை கழுத்துன்னு அவனே சொன்னான். செருப்பையும் பையையும் ஆத்தங்கரையில கொண்டு போய் வெச்சவ நான்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"உன்கிட்டயா? நீதான் உண்மையைத் தவிர வேற எதையும் எழுத மாட்டியே. ஊரெல்லாம் பார்க்க ஒட்டி வைக்கிறவளாச்சே!"

தோண்டி ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். சித்தி பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி சாதுவாக இருந்தது. பழைய தேதியைத் திரும்பப் போட விரல் போயிற்று, பாதியில் நின்றது. அவர்தான் பார்த்துவிட்டாரே. இப்போது மாற்றினால், ஒளித்து வைக்கிறோம் என்று கூப்பிட்டுச் சொன்ன மாதிரி ஆகும். உண்மை என்று நினைத்து அவள் செய்த ஒரே காரியம் கொல்லத் துணிந்த ஒருவனுக்கு வழிகாட்டிப் பலகையாகிவிட்டது.

அதன் பிறகு கடைக் கதவின் மணி சிணுங்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. குழந்தையின் கண்ணாடியை நிமிர்த்த வந்த ஒரு பெண்ணைப் பார்த்துக்கூட ஸ்க்ரூவைக் கீழே போட்டாள். வியாழக்கிழமை அவருடைய லென்ஸ்கள் வந்தன. வேறு ஆள் இல்லாததால் அவளே அவற்றை ஃபிரேமில் பொருத்தினாள், அவளே துணியால் துடைத்தாள். தூரத்தில் போகிறவரின் முகம்கூட அதில் பளிச்சென்று தெரியும். அவள் வேலை என்றைக்கும் சுத்தம்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஃபோன் அடித்தது.

"என்ன கண்ணு, இடுப்பு அளவு ஏறிடுச்சாமே?"

தையல்காரம்மா. சின்ன வயதிலிருந்து அம்மாவின் ஃபோனில் கேட்ட குரல்தான். இன்று அதில் சிரிப்பு பாதியில் அறுந்தது.

"சித்தி," என்றாள் தோண்டி. முதல் தடவையாக அந்தச் சொல் வாயில் வந்தது. "சித்தி, நான் தெரியாம..."

"அழாதே. அழுதா முகம் வீங்கிடும், அவன் கண்டுபிடிச்சுடுவான். நான் சொல்றதை மட்டும் கேளு. மறுபடி ஓட எனக்கு முட்டி இல்லை. மிஷினைத் தூக்கிக்கிட்டுப் போற வயசும் இல்லை."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், சாலையின் எதிர்ப்புறத்தில், கிழவர் வாகனங்கள் போக இடம் விட்டுக் காத்து நின்றார். தலை வாரி, சலவைச் சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிறவரைப் போல வந்திருந்தார்.

"சித்தி, வந்துட்டாரு. எதிர்ல நிக்கிறாரு."

"வரட்டும். உன் சட்டத்தை உங்கம்மா சொன்னா. உடம்பைக் கண்ணால பார்த்த ஒருத்தர் இருந்தாப் போதுமாமே? அந்த ஒருத்தி நீயா இரு கண்ணு. நான் இருக்கிற இந்த ஊர்ப் பேரோடவே புதுசா ஒரு சாவுத் தேதி போடு. இப்போ அவனுக்குக் கண்ணாடியை நீயே மாட்டிவிட்டு, அவன் கண்ணை நேராப் பார்த்து, 'சித்தி செத்துட்டாங்க, உடம்பை நான் பார்த்தேன்'னு எனக்காக ஒரு தடவை சொல்லுவியா?"