பன்னிரண்டு டன் பெயர்கள்

1985 ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, மிசுகாமே நிறுவனத்தில் நாற்பத்தொரு பேருக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. காலை பத்து மணிக்குத் தொடங்கிய வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. அன்று எங்கள் ஊரான அமாகசாகியில் ஒரு கிண்ணம் உதோன் நூடுல்ஸ் இருநூற்றெண்பது யென், மழை இல்லை. முதலாளி மிசுகாமே தொகுஜி ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, முழுப் பெயரை எழுதி வாங்கி, தன் அறையிலிருந்த இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக முதல் சீட்டாகத் தன் பெயரையே போட்டார். மனிதர் நியாயமானவர்தான், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, அவ்வளவே.

அவருடைய பயமெல்லாம் முலாம்பழத்தின் மேல்தான். மிசுகாமே நிறுவனம் முதலில் பொதுக் குளியல் வீடுகளுக்கு எடை பார்க்கும் தராசு செய்துகொண்டிருந்தது. பிறகு காபிக் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஓடும் வீடியோ விளையாட்டுகள், அதன் பிறகு டிவியில் செருகி ஆடும் கேசட்டுகள் என்று காலத்தோடு நகர்ந்து வந்தது. ஆட்டத்தை முடித்ததும் அதைச் செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடும். டோக்கியோ நிறுவனங்கள் அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, வீடு தேடி ஆளனுப்பி, மரப்பெட்டியில் பட்டுத்துணி விரித்து, தங்க விலை விற்கும் ஒற்றை முலாம்பழம் கொடுத்தன. பழத்தைச் சாப்பிட்டவன் அடுத்த மாதம் டோக்கியோவில் இருந்தான். அந்த வருஷம் மார்ச்சுக்குள் இப்படி ஏழு பேர் போய்விட்டார்கள். "பேர் தெரிஞ்சாத்தானே பழம் வரும்!" என்று மேஜையைத் தட்டினார் முதலாளி. இனிமேல் திரையில் புனைபெயர்தான் என்று சொல்லி அவரே ஆளாளுக்கு ஒன்று வைத்தார். குளியல் வீட்டைத் தாண்டி அவருக்குக் கற்பனை ஓடவில்லை. ஒருவர் சோப்புக்கட்டி, ஒருவர் மஞ்சள் வாளி. நிரல் எழுதுகிறவர்களிலேயே கெட்டிக்காரியான ஒகுனோ மிட்சுயோ என்ற இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு ஈரத்துண்டு என்ற பெயர் வாய்த்தது.

பெட்டி பூட்டிய அன்று மாலையே செருப்பு அலமாரியில் ஒட்டியிருந்த பெயர்கள் அழிந்துபோயின. பிறகு சாப்பாட்டு டப்பாவில், பிறகு வீட்டு வாசற்பலகையில். கடைசியில், கையெழுத்துக்குப் பதிலாக எல்லோரும் குத்தும் பெயர் முத்திரையும் போயிற்று. மிட்சுயோ தன் முத்திரையை மையில் தொட்டு அழுத்தினால் வெறும் சிவப்பு வளையம்தான் விழுந்தது. உள்ளே எழுத்து இல்லை. புது முத்திரை செதுக்கிப் பார்த்தாள், அதிலும் வளையம்தான். வாயால் கூப்பிட ஒரு தடையும் இல்லை, எழுத்தில்தான் நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு அவள் செய்த 'வெந்நீர்க்காரி' வெளியானது. ஒரு பெண் வாளி நிறைய வெந்நீரைச் சுமந்துகொண்டு, ஓட்டுக்கூரைகள் மேலும் துணி காயும் மூங்கில்கள் மேலும் சிந்தாமல் ஓட வேண்டும். ஊரின் மறுகோடியில் நெருப்பணைந்துபோன குளியல் வீடு ஒன்று காத்திருக்கிறது. பதினெட்டு லட்சம் கேசட்டுகள் விற்றன. கேசட் எப்போதும் கதகதப்பாகவே இருந்தது. ஹொக்காய்தோவில் குழந்தைகள் அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார்கள்; அந்தக் குளிர்காலத்தில் அங்கே கணப்புக்கு வாங்கும் மண்ணெண்ணெய் விற்பனை நூற்றுக்கு நான்கு குறைந்தது.

வகாயாமாவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த மிட்சுயோவின் அப்பா சாஹெய், முழங்கால் வலிக்கு அந்தக் கேசட்டைத் துணியால் கட்டிக்கொண்டார். மாத்திரையைவிட நன்றாகக் கேட்டது. புத்தாண்டுக்கு வந்த மகளிடம், "இதைச் செஞ்சவன் நல்லா இருக்கணும்" என்றார்.

"நான்தாம்ப்பா செஞ்சேன்."

"பக்கத்து வீட்டுப் பையன் ஆடி முடிச்சுக் காட்டினான். ஈரத்துண்டுன்னு போட்டிருக்கு. நம்ம தோட்டத்துல நாலு தலைமுறையா ஆரஞ்சுதான் காய்க்குது, துண்டு ஒண்ணும் காய்க்கலையே."

"அது கம்பெனி வெச்ச பேரு."

"நம்ம பெட்டி ஒவ்வொண்ணுலயும் முன்பக்கம் ஒகுனோன்னு அச்சுக் குத்தியிருக்கு. அழுகின பழம் ஒண்ணு போனாக்கூட எவன் வீட்டுப் பழம்னு திட்டறதுக்குப் பேர் வேணும்மா. பேர் போடத் துணியாதவ செஞ்சேன்னு சொன்னா நான் எப்படி நம்புறது?"

மிட்சுயோவுக்கு அழுகை வந்தது. அழாமல் ஆரஞ்சு உரித்தாள்.

அவளும், ஆட்டத்தில் வரும் எதிரிகளுக்கு நடை எழுதும் குவாஜிமா ரியோஜியும் 1987 வசந்தத்தில் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். ரியோஜிதான் அந்த மஞ்சள் வாளி. பதிவு அலுவலகத்தில் இருவரும் முத்திரை குத்தினார்கள்; இரண்டு வளையம் விழுந்தது. கண்ணாடி போட்ட எழுத்தர் அம்மாள் பொறுமையாக இன்னும் நாலு தாள் கொடுத்துப் பார்த்தாள். பிறகு, "வளையம் அழகா விழுது. ஆனா வளையத்துக்கும் வளையத்துக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறதுக்கு இங்க படிவம் இல்லையே" என்றாள். சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருந்த சாஹெய், பேரில்லாதவளுக்குச் சாட்சி போட மாட்டேன் என்று சொல்லி அடுத்த ரயிலிலேயே ஊருக்குத் திரும்பினார். முழங்காலில் கேசட் கட்டியபடிதான் போனார்.

வேலையை விட்டுப் போகலாம்தான். போனால் பெயர் பெட்டியிலேயே தங்கிவிடும். சோப்புக்கட்டி ராஜினாமா செய்துவிட்டு மூன்று மாதம் சுற்றினான். பெயரில்லாதவனுக்கு யாரும் வீடுகூட வாடகைக்குக் கொடுக்கவில்லை, திரும்பி வந்துவிட்டான். ஒவ்வொரு ஆண்டுக் கடைசி விருந்திலும் மிட்சுயோ முதலாளிக்கு சாக்கே மது ஊற்றிவிட்டுப் பெயரைக் கேட்பாள். அவர் ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒரே ஒரு கேம்மா" என்பார். இப்படி ஒரே ஒரு கேமாக ஒன்பது கேம்கள் ஆயின.

அந்த ஒன்பதில் மிசுகாமே எங்கேயோ போய்விட்டது. இரண்டு மாடி எட்டு மாடியாயிற்று. உச்சியில் முதலாளியின் அறை, அறையில் இரும்புப் பெட்டி. அது கனமாகிக்கொண்டே போவதை முதலில் கவனித்தவர் தெராஜிமா. தராசுக் காலத்து மனிதர். கேசட் யுகத்தில் அவருக்கு வேலை ஒன்றும் இல்லாததால், கம்பெனியில் கிடந்த பழைய தராசு ஒன்றைப் பெட்டிக்கு அடியில் பொருத்திவிட்டு தினமும் எடை குறித்தார். வெறும் பெட்டி 380 கிலோ. 1986 முடிவில் 1,100. 1991-ல் ஒன்பது டன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் அதிகம் கூடியது. எங்கோ ஒரு பிள்ளை ஆட்டத்தை முடித்துவிட்டு, யாரடா இந்த ஈரத்துண்டு என்று நினைக்கும்போதெல்லாம் முள் கொஞ்சம் நகர்ந்தது என்பது தெராஜிமாவின் கணக்கு. அதை மறுத்து வேறு கணக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு முதலாளிக்குத் தலைகால் புரியாமல் போயிற்று. மலையில் ஒரு கோல்ஃப் மைதானம் வாங்கினார். அடுத்தவன் இயந்திரத்துக்குக் கேசட் செய்தது போதும், நமக்கென்று ஓர் இயந்திரம் வேண்டும் என்று 1994-ல் 'பெருந்தொட்டி' என்ற ஒன்றை இறக்கினார். எடை 5.8 கிலோ, விலை 64,800 யென். மூன்று லட்சம் செய்து ஒன்பதாயிரம் விற்றது. மீதியை எங்கள் ஊர்ப் பெண்கள் சும்மா வாங்கிப் போய் முள்ளங்கி ஊறுகாய்ப் பானைக்குப் பாரமாக வைத்தார்கள். அந்த வேலைக்கு அது மிகவும் நல்ல இயந்திரம். இரும்புப் பெட்டி அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. 1992-ல் ஒரு நாள் காலை அது ஏழாம் மாடியில் இருந்தது. எட்டாம் மாடித் தரையில் ஓட்டை இல்லை, விரிப்பு கூடக் கலையவில்லை. அதற்கடுத்த ஆண்டு ஆறு. பிறகு ஒரு சில ஆண்டுகளில் ஒன்று போதாமல் இரண்டு. பெட்டி காலி செய்த மாடியை வங்கி எடுத்துக்கொண்டது. அமாகசாகி மண் மெத்தென்றிருக்கும். கட்டடமே நாற்பது சென்டிமீட்டர் அமிழ்ந்து, வாசலில் ஏறி வந்தவர்கள் இறங்கி வர வேண்டியதாயிற்று.

1997 மார்ச் முப்பத்தொன்று, திங்கட்கிழமை, பெட்டி தரைத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. டோக்கியோ நிறுவனம் ஒன்று கேம்களை எல்லாம் வாங்கிக்கொள்ள வந்திருந்தது. ஒப்பந்தத்தில் 'இரும்புப் பெட்டியும் அதன் உள்ளடக்கமும்' என்று ஒரு வரி இருந்தது. அதை மிட்சுயோ இரண்டு தடவை படித்தாள். பெட்டி டோக்கியோ போனால் இந்த ஜென்மத்தில் அவள் வெறும் வளையம்தான். முதலாளி முத்திரையை எடுத்து மையில் தொட்டுக் குத்தினார். சிவப்பு வளையம் விழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக எல்லாத் தாள்களிலும் காரியதரிசியே கம்பெனி முத்திரையைக் குத்தி வந்ததால், தன் பெயரையும் உள்ளே போட்டதை அவர் மறந்தே போயிருந்தார். பெட்டியைத் திறந்து உங்கள் சீட்டை மட்டும் எடுங்கள் என்றார்கள் வழக்கறிஞர்கள். முதலாளி பெட்டியின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இதைத் திறந்தா மிசுகாமே முடிஞ்சுது."

மிட்சுயோ அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "முதலாளி, கடையைச் சாத்தி ஒரு வருஷம் ஆச்சு. நீங்கதான் கடை திறந்திருக்குன்னு தொங்கற வாசல் திரையை இன்னும் உள்ள எடுக்காம இருக்கீங்க."

"உன்னை அப்பவே விட்டிருந்தா டோக்கியோக்காரன் கொத்திக்கிட்டுப் போயிருப்பான்."

"முலாம்பழத்துக்கா? நான் பழத்தோட்டக்காரர் பொண்ணு. எங்க வீட்டுல பழத்தை விப்போம், பழத்துக்கு விலை போக மாட்டோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே!"

முதலாளி அவளையே பார்த்தார். "கேக்கத் தோணலையே, மிட்சுயோ" என்றார். ஈரத்துண்டு என்று சொல்லவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிசுகாமே முதல் தராசை விற்ற தேதியை வட்டப் பூட்டில் திருப்பினார்.

மணி பத்து இருபது. தெராஜிமாவின் முள் 12,140-இல் நின்றது. கதவு திறந்ததும் 380-க்கு வந்தது. உள்ளே நாற்பத்தொரு சீட்டுகள், கொஞ்சம் மஞ்சளாகி, அப்படியே கிடந்தன. இத்தனை நாள் தாங்கிய பாரம் விட்டதும் கட்டடம் சட்டென்று எழும்பியது. அமிழ்ந்த நாற்பது சென்டிமீட்டரோடு நிற்காமல் இன்னொரு நாற்பது ஏறி, மண்ணைத் தொடாமல் நின்றது. வழக்கறிஞர்கள் மூவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நம் ஆட்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஒருவர் தோளில் ஒருவர் ஏறிச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சோப்புக்கட்டி தன் பெயரைச் சத்தம் போட்டு நாலு தடவை படித்தான்.

அதே நிமிஷம் நாடு முழுவதும் டிவிகளில் பெயர்கள் ஓடின. வசந்த விடுமுறை, பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். கேசட் இயந்திரத்தில் இருந்தாலும் சரி, அலமாரியில் கிடந்தாலும் சரி, வீட்டில் ஒன்று இருந்தால் போதும். பிற்பாடு, கேம்களை வாங்கிக்கொண்ட டோக்கியோ நிறுவனம் அந்தப் பெயர்களை மூன்று தடவை அழித்துப் பார்த்தது; மறுநாளே திரும்பி வந்தன, பிறகு விட்டுவிட்டார்கள். வகாயாமாவில் சாஹெய் வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மேகப்படத்தின் மேல் எழுத்துகள் ஏறி வந்தன. இருபத்தாறாவதாக, நிரல்: ஒகுனோ மிட்சுயோ. அவர் முழங்காலிலிருந்து கேசட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பெயர் போகும்வரை எழுந்து நின்றார். பிறகு போன் செய்தார்.

"பார்த்தேன். உன் பேருதான். நல்லா, பெரிசாத் தெரிஞ்சுது."

மிட்சுயோ இந்த முறை அழுதாள்.

"ஆனா எல்லாம் முடிஞ்சப்புறம் வருது பாரு. பெட்டில பேரு முன்பக்கம் இருக்கணும்மா."

அதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். பதினோரு பேர் சேர்ந்து, மண்ணைத் தொடாத அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியை வாடகைக்குப் பிடித்துப் புது நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் கேம் எதைப் போட்டாலும் முதலில் பெயர்கள் வரும், பிறகுதான் ஆட்டம். முலாம்பழங்கள் வந்தன, மிட்சுயோ அவற்றைக் கீழ்த்தளத்துப் பல்பொருள் அங்காடியில் விற்கக் கொடுத்தாள். ஒருவரும் டோக்கியோ போகவில்லை. பொருள் வாங்க வரும் பெண்களின் தள்ளுவண்டிக்காக வாசலில் சாய்தளம் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள், அதோடு கட்டடத்தைப் பற்றிய பேச்சும் ஓய்ந்தது.

ஏப்ரலில் மிட்சுயோவும் ரியோஜியும் சாஹெய்யைக் கூட்டிக்கொண்டு மறுபடி பதிவு அலுவலகம் போனார்கள். அதே எழுத்தர் அம்மாள், கண்ணாடி மட்டும் வேறு. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் கணவனுடையதைத்தான் எழுதுவார்கள். எழுத்தர் அம்மாள் 'குவாஜிமா' என்று எழுதப் பேனாவைத் திறந்தாள். மிட்சுயோவின் முகம் வாடியதை ரியோஜி பார்த்தான்.

"பன்னெண்டு வருஷம் காத்திருந்து இப்பத்தான் இவ கைக்கு அது வந்திருக்கு. மறுபடி பிடுங்கிக்கவா? ஒகுனோன்னே எழுதுங்க. நான் மாத்திக்கிறேன். மஞ்சள் வாளியாவே இருந்து பழகினவனுக்கு ஆரஞ்சு என்ன பெரிய தூரமா!"

மிட்சுயோ முத்திரையை மையில் தொட்டு அழுத்தினாள். எடுத்தபோது வளையத்துக்குள் ஒகுனோ என்று இருந்தது. மை காயும்வரை நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாஹெய் சாட்சி முத்திரையைத் தேவைக்கு அதிகமாகவே அழுத்திக் குத்தினார். அது அடியிலிருந்த இரண்டு தாள்களிலும் பதிந்தது.

"வளையத்துக்கு ஆள் வந்தாச்சு" என்றாள் எழுத்தர் அம்மாள்.

வெளியே லேசான மழை. அன்று ஒரு கிண்ணம் உதோன் நானூற்றிருபது யென், மூவரும் சாப்பிட்டார்கள். சாஹெய் கடைக்காரரைக் கூப்பிட்டு, மடியிலிருந்த கேசட்டை எடுத்துக் காட்டி, இது எங்கள் வீட்டுப் பழம் என்றார். கடைக்காரர் அதைத் தொட்டுப் பார்த்து, ஆமாம், இன்னும் சூடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.